ஆயில் லைட்டை நம்பி ட்ராக்குக்குப் போகும் புண்ணியவான்களே!

டிஸ்கி: கார் மேட்டர்னாலே கொட்டாவி விடறவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடலாம். பதிவு கொஞ்சம் நீளம். கொஞ்சம் காரமும் கூட. ஆட்டோ அனுப்பறதா இருந்தா பொன்மலை ஜி கார்னர் பக்கம் வந்து விசாரிங்க, வீட்டைக் காட்டுவாங்க :-)

நம்ம சக பதிவர்கள்ல நாலஞ்சு பேரு இப்போ புதுசா ஒரு வியாதிக்கு ஆளாகி இருக்காங்க. ட்ராக் டே வியாதி. வாரம் அஞ்சு நாள் ஆபீசுக்கு ஓட்டற அதே காரை எடுத்துக்கிட்டு இருங்காட்டுக்கோட்டைக்கோ, கோயமுத்தூர் காரி ஸ்பீட்வேக்கோ போயி ஒரு நாள் முழுக்க வெரட்டிட்டு, சாயங்காலம் அதே கார்ல வீடு திரும்பி, ராத்திரியே படம் போட்டு ஒரு பதிவு. நல்ல விஷயம்தான். ரோட்டுல வேகத்தைக் காட்டி அடுத்தவன் உயிரை வாங்கறதுக்கு அதுக்குன்னு கட்டின இடத்துல போய் ஓட்டறது ஆயிரம் மடங்கு மேல். அதுல எனக்கு மாத்துக்கருத்தே கிடையாது.

என் சண்டை வேற. இந்தப் பதிவுகள்ல கார்ல என்னென்ன மாத்தினாங்கன்னு ஒரு பட்டியல் வரும் பாருங்க. அலாய் வீல், அகலமான டயரு, சத்தம் போடற சைலன்சர், ஏர் ஃபில்டர், கதவுல ஸ்டிக்கரு. எல்லாம் இருக்கும். அந்தப் பட்டியல்ல ஒரே ஒரு தடவை கூட ஆயில் பிரஷர் கேஜையோ ஆயில் டெம்பரேச்சர் கேஜையோ நான் பாத்ததில்லை. கேட்டா, "அதான் டாஷ்போர்டுல ஆயில் லைட் இருக்கே பாஸு"ன்னு ஒரு பதில். இந்த பதிலைத்தான் இன்னிக்கு கிழிச்சுத் தொங்க விடப் போறேன்.

அந்த லைட்டு உங்களுக்கு என்ன சொல்லுது?

அந்த சிவப்பு விளக்குக்குப் பின்னாடி இருக்கறது ஒரு சாதாரண சுவிட்ச். பிரஷர் ஒரு அளவுக்குக் கீழ போனா மூடும், லைட் எரியும். அந்த அளவு பெரும்பாலான கார்ல 0.3-லேருந்து 0.5 பார் வரைக்கும். அதாவது சுமார் 5-லேருந்து 7 பிஎஸ்ஐ. நல்ல எஞ்சின் சூடா, சும்மா ஐடிலிங்ல நிக்கும்போதே 1 பார் பக்கத்துல காட்டும். 6000 ஆர்பிஎம்ல 4, 5 பார் இருக்கணும். ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐன்னு மெக்கானிக்குங்க ஒரு கணக்கு சொல்லுவாங்க. வேதவாக்கு இல்லை, ஆனா குத்துமதிப்புக்கு சரியா வரும்.

இப்போ யோசிங்க. 6000-ல ஓடிக்கிட்டிருக்கும்போது 5 பார் இருக்க வேண்டிய இடத்துல 1 பார்தான் இருக்குன்னு வைங்க. எஞ்சின் மூச்சுத் திணறிக்கிட்டு இருக்கு. லைட் எரியுமா? எரியாது. 0.8-க்கு இறங்கினாலும் எரியாது. 0.5 பார்ல எரிய ஆரம்பிக்கும்போது பேரிங் ஏற்கெனவே கருமாதிக்குக் கிளம்பியிருக்கும். அந்த விளக்கை வெச்சது டிரெய்ன் ப்ளக் கழண்டு ஆயில் மொத்தமும் ரோட்டுல கொட்டிப் போச்சுன்னு சொல்றதுக்கு. வேகமான வளைவுல ரெண்டு நொடி பிரஷர் தாழ்ந்து மறுபடி ஏறுதுன்னு சொல்றதுக்கு இல்லை. அது அந்த சுவிட்சோட வேலையே கிடையாது.

அந்த ரெண்டு நொடியில என்ன ஆகும்?

இஞ்சினியரிங் படிச்சவங்க நாலாவது செமஸ்டரைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கங்க. அரியர் வெச்சவங்க நண்பர்கிட்ட கேட்டுக்கங்க ;-) ஒரு பாத்திரத்துல இருக்கற திரவம் பக்கவாட்டு முடுக்கத்துல எவ்வளவு சாயும்? முடுக்கத்தை புவியீர்ப்பால வகுத்தா வர்றதுதான் சாய்வுக் கோணத்தோட டேன். நல்ல டயர் போட்ட ரோட்டுக் கார் ட்ராக்ல 0.9, 1 ஜி வரைக்கும் தாங்கும். 1 ஜின்னா சம்ப்புல இருக்கற ஆயிலோட மேல்மட்டம் 45 டிகிரி சாயுது. மூணரை லிட்டர், நாலு லிட்டர் ஆயில் மொத்தமும் ஒரு பக்கச் சுவரு மேல ஏறி நிக்குது. அதுலயும் பாதி அந்நேரம் சம்ப்புலயே இருக்காது. அதிக ஆர்பிஎம்ல பம்ப்பு வேகமா இழுத்து மேல சிலிண்டர் ஹெட்டுக்கு அனுப்பிடும், அங்கேருந்து அது மெதுவாத்தான் வடிஞ்சு வரும். மிச்சம் இருக்கறது ஓரமா ஒதுங்கிட, நடுவுல ஆயிலை உறிஞ்சற குழாய் காத்தை உறிஞ்சும். ஜூஸ் தீர்ந்தப்புறம் ஸ்ட்ரா 'சர்ர்ர்'ங்குமே, அதே கதைதான்.

கிராங்க் ஷாஃப்டும் பேரிங்கும் ஒண்ணை ஒண்ணு தொடவே கூடாது. நடுவுல சில மைக்ரான் தடிமனுக்கு ஒரு ஆயில் படலம். ஷாஃப்ட் சுத்தற சுத்துல அந்தப் படலம் தானா உருவாகுது, எடையைத் தாங்கறதும் அதுதான். பம்ப்போட வேலை அந்த இடத்துக்கு ஆயிலைக் கொண்டு போய்ச் சேக்கறது மட்டும். சேக்காம விட்டா? 6000 ஆர்பிஎம்ங்கறது நொடிக்கு 100 சுத்து. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின்ல ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 50 தடவை வெடிக்கும். ரெண்டு நொடி வளைவுல ஒரு கனெக்டிங் ராடு பேரிங் 100 சம்மட்டி அடி வாங்குது, உலோகத்து மேல உலோகம். ஒரு லேப்ல இப்படி ஒரு வளைவு. ஒரு செஷன்ல பத்து லேப். ஒரு நாளைக்கு நாலு செஷன். பெருக்கிப் பாருங்க.

என் ஃப்ரெண்டு ஒருத்தன் பொட்டி தட்டறவன்தான், என்னை மாதிரியே. மூணு வருஷ இன்க்ரிமென்டைச் சேத்து வெச்சு வாங்கின ஹாட்ச்பேக். ட்ராக்ல ரெண்டாவது முறை போனப்போ சாயங்காலமே எஞ்சின்ல 'டக் டக் டக்'னு ஒரு தட்டு. காரை லாரில ஏத்திக் கொண்டு வர வேண்டியதாப் போச்சு. காருக்குள்ள கேமரா வெச்சு எடுத்த வீடியோவை அப்புறம் உக்காந்து ஃப்ரேம் ஃப்ரேமா பாத்தோம். ஒரு நீளமான வலது வளைவுல, அரை நொடி கூட இருக்காது, ஆயில் லைட் மினுக்குது. ஒண்ணு ரெண்டு இல்லை, தொடர்ந்து மூணு லேப்ல அதே இடத்துல. அவனுக்குத் தெரியவே இல்லை. எப்படித் தெரியும்? வெயில் மூஞ்சில அடிக்குது, கண்ணு வளைவோட முனையைப் பாக்குது, கை ஸ்டியரிங்கோட மல்லுக்கட்டுது. ஓட்டினவன் மேல தப்பே கிடையாது. அரை நொடி மினுக்கி எச்சரிக்கறேன்னு சொல்ற அந்த ஏற்பாட்டு மேலதான் தப்பு.

சர்வீஸ் சென்டர்ல என்ன சொன்னாங்க தெரியுமா? "சார், ஆயில் லெவல் சரியா மெயின்டெயின் பண்ணலை, மிஸ்யூஸ்"னு ஜாப் கார்டுல எழுதிட்டாங்க. டிப்ஸ்டிக்கல ஆயில் மேல் கோடு வரைக்கும் இருக்கு! வாரன்டி கோவிந்தா. இன்சூரன்ஸ் தரும்னு நெனைக்காதீங்க. நம்ம ஊர் கார் பாலிசியை ஒரு தடவையாவது படிச்சுப் பாருங்க. ரேஸ், வேகச் சோதனை இதுக்கெல்லாம் காரை உபயோகிச்சா செல்லாதுன்னு தெளிவா போட்டிருக்கும். ஆக, ட்ராக் கேட்டுக்குள்ள நுழைஞ்ச நிமிஷத்துலேருந்து உங்க எஞ்சினுக்கு நீங்க மட்டும்தான் காவல். அந்தக் காவக்காரன் கண்ணைக் கட்டிக்கிட்டு நிக்கறான்.

கழட்டின பேரிங்கை எங்கப்பாகிட்ட காட்டினோம். அவரு பொன்மலை ஒர்க்‌ஷாப்புல டீசல் எஞ்சினோடயே வாழ்ந்து ரிடையர் ஆனவரு. கையில வாங்கித் திருப்பிப் பாத்தாரு. மேல் பூச்சு வழிஞ்சு, ஓரத்துல நீலம் பாரிச்சு, தகடு காகிதம் மாதிரி ஆயிருந்துச்சு. "இது பட்டினி கிடந்த பேரிங்குடா. ஓடறப்போ பிரஷர் எவ்வளவு இருந்துச்சு?"ன்னாரு. "தெரியாதுப்பா, இந்தக் கார்ல மீட்டர் இல்லை"ன்னேன். ஒரு நிமிஷம் என்னைப் பாத்துட்டு, "அப்புறம் எதை நம்பிடா அவ்வளவு வேகமா ஓட்டறானுங்க?"ன்னாரு.

அதே கேள்வியைத்தான் நான் உங்க எல்லார்கிட்டயும் கேக்கறேன்.

பொன்மலைக்காரன்கிட்ட வந்து கதை விடாதீங்க

வெளியூர் மக்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் 1928-ல நாகப்பட்டினத்துலேருந்து இங்க வந்தது. நீராவி எஞ்சின், அப்புறம் டீசல் எஞ்சின்னு பழுது பாத்த இடம். நீலகிரி மலை ரயிலுக்குப் புதுசா நீராவி எஞ்சினே கட்டி அனுப்பின இடம். பக்கத்துலயே லோகோ ஷெட். இந்த ஊர்ல பொறந்தவனுக்கு எண்ணெய் வாசனைதான் சாம்பிராணி வாசனை.

இங்க வருஷக்கணக்கா பழுது பாத்த ஆல்கோ டீசல் எஞ்சினை எடுத்துக்கங்க. டபிள்யூடிஎம்-2 லோகோவுல இருந்ததே, 16 சிலிண்டர், 2600 குதிரைத் திறன். அதோட உச்சபட்ச வேகம் எவ்வளவு தெரியுமா? 1000 ஆர்பிஎம். ஆமாங்க, வெறும் ஆயிரம். உங்க கார் சிக்னல்ல நிக்கும்போது ஓடற வேகத்துக்குக் கொஞ்சம் மேல. ஆயில் தொட்டியில நூத்துக்கணக்கான லிட்டர். தண்டவாளத்துல போறது, 1 ஜில வளையப் போறதும் இல்லை.

அந்த எஞ்சினுக்கே லோகோ பைலட் முன்னாடி லூப் ஆயில் பிரஷருக்குன்னு தனியா ஒரு கேஜ் இருக்கும். எல்.ஓ.பி.ன்னு சுருக்கமா சொல்லுவாங்க. அதைப் பாத்து எழுதி வெக்கணும். பிரஷர் குறிப்பிட்ட அளவுக்குக் கீழ இறங்கினா யாரையும் கேக்காம லோகோவே எஞ்சினை நிறுத்திடும். எஞ்சின் சூடு எல்லை தாண்டினா மணி அடிக்கும். ஷெட்டுக்கு வந்தா ஆயில்ல ஒரு சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பி, ஸ்பெக்ட்ரோகிராஃப்ல வெச்சு இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு, ஈயம் எவ்வளவுன்னு பாப்பாங்க. செம்பும் ஈயமும் ஏறினா பேரிங் தேயுதுன்னு அர்த்தம், வெடிக்கற வரைக்கும் காத்திருக்காம கழட்டிப் பாத்துடுவாங்க. பெரிய பழுது முடிஞ்சு வெளிய போற எஞ்சினை லோட் பாக்ஸ்ல போட்டு முழுப் பாரத்துல ஓட்டி, பிரஷரையும் சூட்டையும் குறிச்சுக்காம வெளியவே விட மாட்டாங்க.

1000 ஆர்பிஎம் எஞ்சினுக்கு இவ்வளவு மரியாதை. 6500 ஆர்பிஎம்ல, நாலே லிட்டர் ஆயிலோட, ஒரு பக்கமா சாஞ்சுக்கிட்டு ஓடற எஞ்சினுக்கு ஒரு சிவப்பு பல்பு. என்ன கொடுமை சார் இது?

ரயிலை விடுங்க. பழைய டாடா லாரில ஏறிப் பாருங்க, ஆயில் பிரஷர் மீட்டர் இருக்கும். கீழ்க்குறிச்சி பக்கம் உழவு ஓட்டற டிராக்டர்ல இருக்கும், பச்சை சிவப்புன்னு கோடு போட்டு. பழைய அம்பாசடர்ல கூட இருந்துச்சு. அமெரிக்காவுல ஆளோட பறக்கற சின்ன விமானம், அதோட எஞ்சின் 2700 ஆர்பிஎம்தான் சுத்தும், ஆயில் பிரஷர் கேஜ் இல்லாம பறக்கறதே அங்க சட்டப்படி குத்தம். பத்து பதினஞ்சு லட்சம் கொடுத்து வாங்கற காருக்கு மட்டும் பல்பு. சில கார்ல தண்ணி சூட்டுக்கான முள்ளையும் புடுங்கிட்டு, குளிர்ந்திருந்தா நீல விளக்கு, கொதிச்சா சிவப்பு விளக்குன்னு ஆக்கிட்டாங்க. அந்த இடத்துல பத்தே கால் இஞ்ச் திரை வெச்சு அதுல சினிமாப் பாட்டு ஓடுது.

முள்ளு இருந்தும் பொய் சொன்ன கதை

"கம்பெனிக்காரன் முட்டாளா? தேவைன்னா வெச்சிருக்க மாட்டானா?"ன்னு ஒரு அறிவாளி போன பதிவுல பின்னூட்டம் போட்டிருந்தாரு. அண்ணே, கம்பெனிக்காரன் முட்டாள் இல்லை. ரொம்ப புத்திசாலி. அதான் பிரச்சினையே.

மாஸ்டா மியாட்டா, உலகம் பூரா ட்ராக்ல ஓட்டப்படற சின்ன கார். 1989-ல வந்தப்போ அதுல நிஜமான ஆயில் பிரஷர் கேஜ் இருந்துச்சு. 1995 மாடல்லேருந்து முள்ளு அப்படியே இருக்க, பின்னாடி இருந்த சென்சரை எடுத்துட்டு ஒரு சுவிட்சை வெச்சுட்டாங்க. பிரஷர் 1 பாரா இருந்தாலும் 5 பாரா இருந்தாலும் முள்ளு நடுவுல நிக்கும். மொத்தமா போனாத்தான் கீழ விழும். ஃபோர்டும் அமெரிக்காவுல இதே வேலையைப் பண்ணியிருக்கு. பரவலா சொல்லப்படற காரணம் என்னன்னா, ஐடிலிங்ல முள்ளு இறங்கறதைப் பாத்து ஜனங்க பயந்து போயி சர்வீஸ் சென்டருக்கு ஓடி வர்றாங்களாம். எப்படி இருக்கு? காய்ச்சல்காரன் தெர்மாமீட்டரைப் பாத்துப் பயப்படறான்னு எப்பவும் 98.4 காட்டற தெர்மாமீட்டர் குடுத்த மாதிரி.

ஆபீஸ் போறவனுக்கு அது போதும்னா போதும், நான் ஒத்துக்கறேன். ரோட்டுல எவனும் மூணு நொடி 1 ஜில வளையப் போறதில்லை. கம்பெனி அந்தப் பல்பை வெச்சது அவனுக்காக. ட்ராக்குக்குப் போற உங்களுக்காக இல்லை. இதைப் புரிஞ்சுக்காம "கம்பெனி குடுத்ததே போதும்"னா, அந்தக் கம்பெனி குடுத்த சைலன்சரையும் டயரையும் மட்டும் ஏன் சாமி மாத்தினீங்க?

இன்னொரு கூட்டம் இருக்கு, எங்க ஜாதி, சாஃப்ட்வேர் ஜாதி. "ஓபிடி போர்ட்ல ஒரு ப்ளூடூத் டாங்கிள் சொருகினா எல்லாம் போன்ல வந்துடும்"பாங்க. சொருகிப் பாருங்க. ஆயில் சூட்டுக்கு 5சின்னு ஒரு எண் ஸ்டாண்டர்டுல இருக்கு. வர்ற பைட்ல 40-ஐக் கழிச்சா டிகிரி. ஆனா ஏகப்பட்ட கார் அதுக்கு பதிலே சொல்லாது. பதில் சொல்றதுலயும் சிலது சென்சரே இல்லாம கணக்குப் போட்டுச் சொல்றது. சரி, ஆயில் பிரஷருக்கு? காருக்கான அந்தப் பொதுப் பட்டியல்ல அப்படி ஒரு எண்ணே கிடையாது! அதே நேரம் லாரி, பஸ், ஜெனரேட்டருக்கான ஜே1939 ஸ்டாண்டர்டைத் திறந்து பாருங்க. ஆயில் பிரஷருக்கு 100-ன்னு அழகா ஒரு எண். ஆயில் சூட்டுக்கு 175. லாரிக்காரனுக்கு உரிமை, கார்க்காரனுக்கு அல்வா. இல்லாத டேட்டாவை எந்த ஆப்பும் காட்டாது மக்களே.

சூடு மேட்டர்

"எனக்கு தண்ணி டெம்பரேச்சர் 90-லயே நிக்குது, அப்போ எல்லாம் ஓகே"ங்கறவங்களுக்கு. தண்ணியை தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் புடிச்சு வெச்சிருக்கு. ஆயிலை யாரு புடிச்சு வெச்சிருக்கா? நிறைய சின்ன கார்ல ஆயில் கூலரே கிடையாது. தண்ணி 90-ல சமத்தா உக்காந்திருக்கும்போதே ஆயில் 130, 140-ன்னு ஏறிக்கிட்டு இருக்கலாம். காலையில நேர் எதிர். தண்ணி சீக்கிரம் சூடாயிடும், ஆயில் இன்னும் ஜில்லுன்னு கெட்டியா இருக்கும். முள்ளு நடுவுக்கு வந்துடுச்சுன்னு முதல் லேப்லயே ரெட்லைனுக்குப் போவீங்க. பிஎம்டபிள்யூவோட இ46 எம்3-ல இதுக்காகவே டாகோமீட்டரைச் சுத்தி விளக்கு வெச்சாங்க. ஆயில் சூடாக ஆக ஒவ்வொண்ணா அணையும், அதுவரைக்கும் முறுக்காதேன்னு அர்த்தம்.

ஆயில் டப்பாவுல 5டபிள்யூ-30-ன்னு போட்டிருக்கே, அந்த 30-க்கு 100 டிகிரியில 9.3-லேருந்து 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை பிசுபிசுப்பு இருக்கணும். 130 டிகிரிக்குப் போனா அது கிட்டத்தட்ட பாதியாயிடும். பிசுபிசுப்பு பாதியானா படலம் மெலியும், பிரஷரும் இறங்கும். அதனாலதான் பிரஷரையும் சூட்டையும் சேத்துப் பாக்கணும்னு சொல்றேன். 80 டிகிரியில 4 பார் காட்டினா அதுல பெருமை இல்லை. 125-லயும் காட்டுதாங்கறதுதான் கேள்வி. இதுல இன்னொரு கூத்து, மைலேஜுக்காக ஆயில் வருஷா வருஷம் மெலிஞ்சுக்கிட்டே வருது. நம்ம ஊர்ல இப்போ 0டபிள்யூ-16 வரைக்கும் வந்தாச்சு. ஆபீஸ் போக வர அது அருமையான ஆயில். சித்திரை வெயில்ல, தார் கொதிக்கற ட்ராக்ல, அதே ஆயிலை அளந்து பாக்காம நம்பறதுக்கு தனி தைரியம் வேணும்.

"நான் அரை லிட்டர் அதிகமா ஊத்திக்கிறேன்", "நான் கெட்டி ஆயில் போட்டுக்கிறேன்", "நான் கூலர் போட்டுட்டேன்". மூணும் மருந்துதான். நோயை அளக்காம எவ்வளவு மருந்து? அதிகமா ஊத்தினா கிராங்க் அதைக் கடைஞ்சு நுரையாக்கிடும். ரொம்பக் கெட்டியா போட்டா குளிர்ல ஓடாது. கூலர் குழாயிலயே கொஞ்சம் பிரஷர் போயிடும். போட்டது வேலை செஞ்சுதான்னு சொல்றதுக்கும் அதே கேஜ்தான் வேணும்.

சரி, என்னதான் பண்ணச் சொல்றே?

திட்டிட்டு மட்டும் போனா நல்லா இருக்காது. அதனால:

1. பிரஷருக்கு சென்சர் வெச்ச எலெக்ட்ரிக் கேஜ் வாங்குங்க. ஆயிலையே குழாய்ல காருக்குள்ள கொண்டு வர்ற மெக்கானிக்கல் கேஜ் வேணாம். அந்தக் குழாய் விட்டுச்சுன்னா சூடான ஆயில் உங்க கால் மேல.

2. ஆயில் லைட் சுவிட்ச் இருக்கற ஓட்டையில ஒரு டி போட்டு ரெண்டையும் மாட்டலாம். பழைய லைட்டும் வேலை செய்யணும், அதைத் தூக்கிடாதீங்க. மரையைக் கவனிங்க. ஜப்பான் எஞ்சின்கள்ல பொதுவா 1/8 பிஎஸ்பிடி, இஞ்சுக்கு 28 மரை. அமெரிக்க சென்சர் 1/8 என்பிடி, 27 மரை. ரெண்டும் கொஞ்ச தூரம் உள்ள போகும், அப்புறம் எஞ்சின் பிளாக்கைப் பதம் பாத்துடும்.

3. கனமான சென்சரைப் பித்தளை டில அந்தரத்துல தொங்க விடாதீங்க. அதிர்வுல முறியும். முறிஞ்சா ஆயில் மொத்தமும் வெளிய. ஒரு சின்ன பின்னல் ஹோஸ் வெச்சு சென்சரை பாடில கட்டுங்க.

4. சூட்டுக்கு சம்ப்புலயோ, ஆயில் ஃபில்டருக்கு அடியில சாண்ட்விச் பிளேட்டுலயோ சென்சர் வைக்கலாம். ரெண்டு இடமும் ஒரே அளவு காட்டாது. எங்க வெச்சீங்கன்னு ஞாபகம் வெச்சுக்கிட்டு அடுத்தவனோட அளவோட ஒப்பிடுங்க.

5. முக்கியமானது இது. வளைவுல யாரும் கேஜைப் பாக்க முடியாது. ஆகவே கேஜோட ஒரு பெரிய எச்சரிக்கை விளக்கு, கண்ணுக்கு நேரா, நீங்களே அளவு வெக்கற மாதிரி. 3000-க்கு மேல ஓடும்போது 2 பாருக்குக் கீழ போனா எரியணும். கூடவே பதிஞ்சு வெக்கற வசதி இருந்தா, செஷன் முடிஞ்சதும் எந்த வளைவுல எவ்வளவு தாழ்ந்துச்சுன்னு உக்காந்து பாக்கலாம். பொட்டி தட்டற நமக்கு கிராஃப் பாக்கறதா கஷ்டம்?

6. என் கணக்கு: ஆயில் 80-ஐத் தாண்டற வரைக்கும் முறுக்காதீங்க. 100-லேருந்து 120 நிம்மதி. 130 தாண்டினா ஒரு லேப் மெதுவா சுத்துங்க. 140-ன்னா உள்ள வந்துடுங்க. பிரஷர் ஒரே வளைவுல ரெண்டு தடவை தாழ்ந்தா அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சது. அடுத்த தடவை சம்ப்புக்குத் தடுப்புத் தகடு போட்டுட்டு வாங்க.

இதுக்கெல்லாம் ஆகற செலவு ஒரு செட் அலாய் வீல் காசுல பாதி கூட ஆகாது.

"என் எஞ்சின், என் காசு, உனக்கென்ன?"

வரும்னு தெரியும் இந்தக் கேள்வி. எனக்கென்னன்னு சொல்றேன். பேரிங் போனா அடுத்து போறது கனெக்டிங் ராடு. அது பிளாக்கை ஓட்டை போட்டுக்கிட்டு வெளிய வரும். உள்ள இருக்கற சூடான ஆயில் மொத்தமும் ட்ராக் மேல, சரியா வேகமான இடத்துல, ஏன்னா எஞ்சின் அங்கதான் வெடிக்கும். பின்னாடி வர்றவனுக்கு அது தெரியவே தெரியாது. உங்க எஞ்சின் உங்க காசுதான். பின்னாடி வழுக்கிச் சுவத்துல மோதறவன் உயிரு உங்க காசு இல்லை.

அதனால ட்ராக் டே நடத்தறவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஹெல்மெட் பாக்கறீங்க, டயர் பாக்கறீங்க, கார்ல தளர்வா எதுவும் கிடக்குதான்னு பாக்கறீங்க. நல்லது. ஒட்டற டயர் போட்டுக்கிட்டு வர்ற கார்ல ஆயில் பிரஷர் கேஜ் இருக்கான்னும் ஒரு கேள்வி அந்தப் படிவத்துல சேருங்க. முதல்ல கட்டாயம் ஆக்க வேணாம், கேளுங்க போதும். கேட்டா யோசிப்பாங்க.

இருங்காட்டுக்கோட்டை ட்ராக் 1990-லேருந்து இருக்கு, இப்போ மெட்ராஸ் இண்டர்நேஷனல் சர்க்யூட்னு பேரு. அதுக்கு முன்னாடி சோழவரத்துல பழைய விமான ஓடுதளத்துல ஓட்டினாங்க. மாருதி 800 எஞ்சினை வெச்சு ஒற்றை சீட்டு ரேஸ் காரே கட்டின கரிவரதன் நம்ம கோயமுத்தூர்க்காரரு. காரி ஸ்பீட்வேங்கற பேரே அவரோடதுதான். அந்தக் காலத்துல பார்ட்ஸ் இல்லை, கையாலேயே செஞ்சாங்க. நமக்கு எல்லாம் வீட்டு வாசலுக்கே கூரியர்ல வருது. நாம ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு இருக்கோம்.

கார் கம்பெனிகளுக்கு என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணு. "ஸ்போர்ட்"னு பின்னாடி எழுத்து ஒட்டி லட்ச ரூபா கூட வாங்கறீங்கள்ல? அந்த எழுத்துக்கு ஒரு நிஜமான ஆயில் பிரஷர் சென்சரும், திரையில ஒரு பக்கமும் குடுங்க. திரை ஏற்கெனவே இருக்கு, கம்ப்யூட்டர் ஏற்கெனவே இருக்கு. அதுவரைக்கும் அந்த எழுத்தை நான் ஸ்டிக்கர் கணக்குலதான் சேப்பேன்.

ஒத்துக்காதவங்க பின்னூட்டத்துக்கு வாங்க, சண்டை போடலாம். ஒரு நிபந்தனை: உங்க கார்ல கடைசி ட்ராக் டே அன்னிக்கு வளைவுல ஆயில் பிரஷர் எவ்வளவு இருந்துச்சுங்கற நம்பரோட வரணும். நம்பர் இல்லாதவங்க முதல்ல கேஜ் மாட்டிட்டு வாங்க.

பி.கு: ஃப்ரெண்டு காருக்கு எஞ்சின் வேலை முடிஞ்சு இந்த வாரம் வெளிய வருது. ரெண்டு கேஜும் மாட்டியாச்சு. ஆயில் சாம்பிள் எடுக்க எங்கப்பா ஒரு கண்ணாடி பாட்டிலைக் கழுவி வெயில்ல காய வெச்சிருக்காரு :-)